கைப்பிடியை ஒழித்த கெட்டரிங்

தென்னாட்டிலிருந்து வடக்கே படிக்க வந்த நமக்கு மார்கழி, தை மாதக் குளிர் பல பாடங்களைக் கற்பிக்கிறது. விடியற்காலையில் மோட்டார் வண்டி எளிதில் கிளம்பாது என்பது அவற்றுள் ஒன்று. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியின் சாவியை ஓட்டுநர் திருப்புகிறார். எஞ்சின் முக்கி முனகுகிறது; விளக்குகள் மங்குகின்றன; பிறகு ஓசையே இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திய நாலு பேர் பின்னால் நின்று தள்ளுகிறார்கள். வண்டி கிளம்பியதும் எல்லோரும் சிரிக்கிறோம். அத்துடன் மறந்து விடுகிறோம்.

நமக்கு ஆண்டில் இரண்டொரு நாள் நேரும் இத்தொல்லை, நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு வண்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் நேர்ந்தது. அன்று அது வெறும் தொல்லையாக இல்லை. கை ஒடியும் ஆபத்தாகவும் இருந்தது. அந்த ஆபத்தை நீக்கியவர் அமெரிக்கப் பொறியியலறிஞர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பும் வசதியை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் அவரே. அவருடைய வாழ்க்கை நம்மைப் போன்ற மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. அதில் பின்பற்றத் தக்கதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கதும் உண்டு.

கண் தந்த துன்பம்

கெட்டரிங் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தில் லௌடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த ஐந்து மக்களில் அவர் நான்காமவர். உழைப்புக்குக் குறைவில்லாத குடும்பம். செல்வத்துக்கு இடமில்லாத குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்ததும், ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார்.

அறிவு கூர்மையாக இருந்தது, கண்தான் ஒத்துழைக்கவில்லை. சிறிது நேரம் படித்தாலும் கண் எரியும்; தலை வலிக்கும். ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்த அவர், கண் நோயினால் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டு வெளியேற நேர்ந்தது. ஊர் திரும்பி ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பம் நடக் குழி தோண்டினார்; கம்பி இழுத்தார்; பின்னர் அந்தக் குழுவுக்கே மேஸ்திரி ஆனார். திறந்த வெளியில் வேலை செய்ததால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. மின்சாரத்தைப் புத்தகத்தில் மட்டுமன்றிக் கையாலும் தொட்டறியும் வாய்ப்பும் வந்தது.

கண் சற்றுத் தேறியதும் மீண்டும் பல்கலைக் கழகம் சென்றார். பாடப் புத்தகங்களை அறைத் தோழர்கள் உரக்கப் படிக்க, இவர் கேட்டு மனத்தில் இருத்திக் கொண்டார். 1904-ஆம் ஆண்டு மின் பொறியியலில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தெட்டை நெருங்கியிருந்தது. உடன் படித்தவர்களில் பலர் வயதில் அவருக்குத் தம்பிமார். ஓராண்டு பின்தங்கினாலே உலகம் கவிழ்ந்துவிட்டதாகக் கலங்கும் நம்மவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கல்லாப் பெட்டி கற்பித்தது

பட்டம் பெற்ற ஆண்டிலேயே டேட்டன் நகரில் இருந்த நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் கெட்டரிங் சேர்ந்தார். கடைகளில் விற்பனையைப் பதிந்து பணப் பெட்டியைத் திறக்கும் கல்லா யந்திரங்களைச் செய்த கம்பெனி அது. கடைச் சிப்பந்தி ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பிடியைக் கையால் சுற்ற வேண்டும். அதை மின்சாரத்தால் சுற்றச் செய்ய வேண்டும் என்ற வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

கல்லாவைச் சுற்றும் அளவு வலிவுள்ள மோட்டார் பெரிதாக இருக்கும். அதைப் பெட்டிக்குள் அடக்க முடியாது. இதுவே அக்காலத்துக் கணக்கு. கெட்டரிங் வேறொரு கணக்குப் போட்டார். மாவு அரைக்கும் மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டும். ஓடும்போது சூடேறும், அச்சூட்டைத் தாங்கும்படி அதைப் பெரிதாகச் செய்தாக வேண்டும். கல்லா மோட்டாரோ ஒரு நொடி ஓடுகிறது. பிறகு அடுத்த வாடிக்கைக்காரர் வரும்வரை சும்மா இருக்கிறது. சூடேறுவதற்கே அதற்கு நேரமில்லை. ஆகவே சிறிய மோட்டார் ஒன்றின்மேல் அதன் அளவுக்கு மீறிய சுமையை ஒரு நொடிக்கு ஏற்றலாம், அது தாங்கும்.

இப்படிப் பிறந்தது மின்சாரக் கல்லா. ஒரு பொருள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று எல்லோரும் கேட்டனர். எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று கெட்டரிங் கேட்டார். அவர் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி இந்த ஒரு கேள்வியிலிருந்தே முளைத்தது.

கொட்டகைக் கூட்டம்

அதே கம்பெனியில் உயர் பதவி வகித்த எட்வர்டு டீட்ஸ் என்பவர் கெட்டரிங்கின் நண்பரானார். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. கம்பெனி வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் நண்பர்கள் சிலர் அங்கே கூடி மோட்டார் வண்டிக்கு வேண்டிய மின் கருவிகளை ஆராய்ந்தனர். கொட்டகைக் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. முதலில் அவர்கள் செய்தது, சிலிண்டருக்குள் நம்பகமாகத் தீப்பொறி எழுப்பும் ஓர் அமைப்பு. காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டு அதை விரும்பி வாங்கினார். 1909-இல் கெட்டரிங் பழைய வேலையை விட்டார். டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

கைப்பிடியின் கொடுமை

அந்நாளில் வண்டியைக் கிளப்புவது எப்படி என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சின் நின்ற நிலையிலிருந்து தானே கிளம்ப முடியாது. பிஸ்டன் கீழே இறங்கிப் பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்ச வேண்டும். மேலே ஏறி அதை அழுத்த வேண்டும். பின்புதான் தீப்பொறி பட்டு அது வெடித்துச் சக்தி தரும். முதல் வெடி நிகழும்வரை பிஸ்டனை ஏற்றி இறக்க வேறொருவர் கை கொடுத்தாக வேண்டும். அக்காலத்தில் அது உண்மையாகவே மனிதன் கைதான்.

வண்டியின் முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, குனிந்து, மூச்சைப் பிடித்துச் சுற்றுவார்கள். தீப்பொறி சற்று முந்தி எழுந்துவிட்டால், பாதி ஏறிய பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்படும். கைப்பிடி எதிர்ப்புறமாகத் திரும்பிச் சுழன்று அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். மணிக்கட்டருகே நேரும் ஒருவகை எலும்பு முறிவுக்கு மோட்டார் ஓட்டுநரின் பெயரையே மருத்துவர்கள் இட்டு, இன்றும் அப்படியே வழங்குகிறார்கள் என்றால் வேறு சான்று வேண்டியதில்லை. நம் நாட்டுப் பழைய அம்பாசடர் வண்டிகளுடனும் இக்கைப்பிடி வந்தது. கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடி என்று மூத்த ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததன் காரணமும் இதுவே.

லேலண்டின் நண்பரும் கார் உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் வண்டிக்குக் கைப்பிடி சுற்றி உதவப் போனார் என்றும், அது திருப்பி அடித்ததில் காயமுற்று இறந்தார் என்றும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடும். கைப்பிடியை ஒழிக்க வேண்டும் என்று லேலண்டு உறுதி கொண்டார், அந்த வேலையைக் கெட்டரிங்கிடம் ஒப்படைத்தார் என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

ஒரு கணத்து வேலை

மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பலாம் என்ற எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் 1896-ஆம் ஆண்டிலேயே ஒரு வண்டியில் டௌசிங் என்பவரின் மின் மோட்டார் பொருத்தப்பட்டது. அழுத்திய காற்று, முறுக்கிய சுருள்வில் முதலியவற்றையும் பலர் முயன்று பார்த்தனர். எதுவும் நாட்டில் பரவவில்லை. எஞ்சினைச் சுற்றும் அளவு வலிவுள்ள மோட்டாரும் பாட்டரியும் வண்டியையே அடைத்துக் கொள்ளும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

கெட்டரிங்குக்குக் கல்லாப் பெட்டி நினைவுக்கு வந்தது. எஞ்சினைக் கிளப்புவதும் ஒரு கணத்து வேலைதானே! மோட்டார் சில நொடிகள் மட்டும் தன் முழு வலிவுக்கு மேலும் உழைக்கட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஓய்வு கொள்ளட்டும். மேலும் அவர் ஓர் உபாயம் செய்தார். ஒரே யந்திரத்துக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார். கிளப்பும்போது அது பாட்டரியிடமிருந்து மின்சாரம் பெற்று எஞ்சினைச் சுற்றும் மோட்டார்; கிளம்பிய பின், எஞ்சினால் சுற்றப்பட்டு மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும் டைனமோ. பாட்டரித் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட்டில் எஞ்சினைக் கிளப்பினார். பக்கம் பக்கமாக இணைத்து 6 வோல்ட்டில் மின்னேற்றினார். அதே மின்சாரம் தீப்பொறிக்கும் விளக்குக்கும் பயன்பட்டது. கடன் வாங்கி உடனே திருப்பிக் கட்டும் நல்ல குடித்தனக்காரரைப் போல் அமைந்தது அந்த ஏற்பாடு.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் காடிலாக் வண்டி ஒன்றில் இவ்வமைப்பு பொருத்திக் காட்டப்பட்டது. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் அனைத்தும் இதனுடனேயே விற்பனைக்கு வந்தன. இதற்காகக் காடிலாக் கம்பெனி இங்கிலாந்தின் டூவர் கோப்பையைப் பெற்றது. கெட்டரிங்குக்கு 1915 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. மலிவு விலை போர்டு வண்டியிலும் 1919-இல் ஸ்டார்ட்டர் வந்து சேர்ந்தது.

இன்று நம் வண்டிகளில் உள்ள அமைப்பு சற்று மாறியது, தத்துவம் அதுவேதான். சாவியைத் திருப்பினால் முதலில் சிறிதளவு மின்சாரம் சொலினாய்டு என்னும் மின்காந்தத்துக்குச் செல்கிறது. அது ஒரே இழுப்பில் இரண்டு காரியங்களை முடிக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையிலுள்ள சிறு பல்சக்கரத்தை முன்னே தள்ளி எஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு கோக்கிறது. கூடவே, பாட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே கனத்த இணைப்பை மூடுகிறது. நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் பாய்கிறது. சிறு சக்கரம் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால் பெரிய வளையம் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் சிறு மோட்டாரின் பலம் பன்மடங்காகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிச் சிறு சக்கரத்தை விஞ்சியதும், ஒரு பக்கம் மட்டும் பற்றும் கிளட்ச், மோட்டாரை அந்த வேகத்திலிருந்து காக்கிறது. சாவியை விட்டால் சக்கரம் பின்வாங்கிவிடும்.

குளிரில் வண்டி முரண்டு பிடிப்பதன் காரணம் இப்போது விளங்கும். எண்ணெய் இறுகியிருப்பதால் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். அதே குளிரில் பாட்டரியின் பலமோ குறைந்திருக்கும். எஞ்சின் கிளம்பவில்லை என்றால் சாவியைத் தொடர்ந்து திருப்பிப் பிடித்திருப்பது தவறு. சில நொடி முயன்று, சற்று நிறுத்தி, மீண்டும் முயல வேண்டும். ஸ்டார்ட்டர் கணநேர வேலைக்கென்றே பிறந்தது. நீண்ட நேரம் உழைத்தால் வெந்துபோகும்.

இந்தக் கண்டுபிடிப்பினால் ஒரு விந்தையும் நேர்ந்தது. கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை என்பதற்காகவே பலர், குறிப்பாக நகரப் பெண்கள், அந்நாளில் மின்சாரக் காரை விரும்பினர். பெட்ரோல் காரும் பொத்தானால் கிளம்பத் தொடங்கியதும் மின்சாரக் காரின் அச்சிறப்பு போயிற்று. நீண்ட பயண வசதியும் மலிவு விலையும் சேர்ந்து பெட்ரோல் காரை வெல்லச் செய்தன. மின்சாரக் காரை வீழ்த்தக் கைகொடுத்தது ஒரு மின்சார மோட்டாரே!

வெற்றியும் தோல்வியும்

டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு இணைந்தது. 1920 முதல் 1947 வரை கெட்டரிங் அதன் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக இருந்தார். மின் கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கு விளக்கு எரிக்கும் சிறு யந்திரங்களையும் டெல்கோ செய்தது. 180-க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு.

அவர் தோற்றதும் உண்டு. நீருக்குப் பதிலாகக் காற்றால் குளிரும், செம்புத் தகடு பொருத்திய எஞ்சினைப் பெரு நம்பிக்கையுடன் உருவாக்கினார். 1923-இல் ஷெவர்லே வண்டிகளில் அது வந்தது. வந்த வேகத்தில் தொல்லையும் வந்தது. விற்ற வண்டிகளைக் கம்பெனி திரும்ப வாங்கிக் கொண்டது. மனம் உடைந்த கெட்டரிங் வேலையை விட்டு விலக முன்வந்தார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அவரை விடவில்லை.

பின்னாளில் அவரது ஆராய்ச்சிக் கூடமும் அவர் மகன் யூஜீன் கெட்டரிங்கும் உருவாக்கிய இரண்டடி டீசல் எஞ்சின், அமெரிக்க ரயில்களிலிருந்து நீராவி எஞ்சினை விரட்டியது. அதன் வழி வந்த எஞ்சின்களை நாமும் அறிவோம். காசியில் உள்ள ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.பி.4, டபிள்யூ.டி.ஜி.4 டீசல் எஞ்சின்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் அவை இழுத்த வண்டியில் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம்.

ஈயத்தின் கறை

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் இது முழு வரலாறு ஆகாது.

கெட்டரிங்கின் தீப்பொறி அமைப்பு வந்த பின், எஞ்சினில் டக் டக் என்று தட்டும் ஓசை எழுகிறது என்றும், அவரது அமைப்பே அதற்குக் காரணம் என்றும் பலர் பழித்தனர். குற்றம் எரிபொருளில் இருக்கிறது என்று கெட்டரிங் கருதினார்; அவர் கருதியது சரி. தம் துணைவர் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். பல பொருள்களைச் சோதித்தபின், 1921 டிசம்பரில், டெட்ரா எத்தில் என்னும் ஈயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் தட்டுதல் நின்றுவிடும் என்று கண்டார்கள். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது.

ஈயம் நஞ்சு என்பது அன்றும் தெரிந்ததே. மிட்ஜ்லியே அதனால் நோயுற்று ஓய்வெடுக்க வேண்டி வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சித் தொழிற்சாலை ஒன்றில் இப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். மறு ஆண்டு அரசாங்க மருத்துவத் தலைவர் கூட்டிய மாநாட்டில் கெட்டரிங் ஈயத்துக்காகவே வாதாடினார். ஆல்கஹால் கலந்தாலும் தட்டுதல் குறையும் என்பதை அவரது ஆய்வுக் கூடமே அறிந்திருந்தது. ஆனால் யாரும் காய்ச்சக் கூடிய ஆல்கஹாலுக்குக் காப்புரிமை இல்லை. இலாபமும் ஒருவர் கையில் தங்காது. சில மாதம் நின்ற விற்பனை மீண்டும் தொடங்கி உலகெங்கும் பரவியது. வண்டிப் புகையோடு வெளிவந்த ஈயம் தெருப் புழுதியில் தங்கியது. மூச்சோடும் உணவோடும் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல்.

எவ்வளவு நேரம் என்ற ஒரு கேள்வியால் ஸ்டார்ட்டரைக் கண்டவர் கெட்டரிங். அந்தக் கேள்வியை ஈயத்தைப் பற்றியும் அவர் கேட்டிருக்கலாம். மோட்டாரின் சூடு சில நொடிகளில் தணிந்து விடும். மண்ணில் விழுந்த ஈயமோ தணிவதில்லை, மறைவதில்லை. தலைமுறைகள் கடந்தும் கிடக்கிறது. யந்திரத்தின் உடல்நலத்தை அத்துணை நுட்பமாக அறிந்தவர், தெருவில் விளையாடும் பிள்ளையின் உடல்நலத்தை எண்ணாமற் போனார். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. தம் வேலை எஞ்சினோடு முடிந்துவிட்டதாக எண்ணியதே காரணம் எனலாம்.

எஞ்சி நிற்பது

கெட்டரிங் கல்விக்கும் மருத்துவத்துக்கும் தம் செல்வத்தைத் தாராளமாகக் கொடுத்தார். 1945-இல் ஸ்லோனும் அவரும் சேர்ந்து நியூயார்க்கில் நிறுவிய புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், இன்று இருவர் பெயரையும் தாங்கிய பெரிய மருத்துவ நிலையத்தின் பகுதியாக விளங்குகிறது. இலை எவ்வாறு வெயிலை உண்டு வாழ்கிறது என்பதை ஆராயவும் அவர் பொருளுதவி செய்தார். 1958-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். டேட்டனுக்கு அருகே அவர் வாழ்ந்த இடம் அவர் பெயராலேயே கெட்டரிங் நகரம் என்று வழங்குகிறது.

காலச் சக்கரம் மீண்டும் சுழல்கிறது. நம் தெருக்களில் மின்சார வண்டிகள் பெருகி வருகின்றன. அவற்றுக்குக் கைப்பிடியும் வேண்டாம், ஸ்டார்ட்டரும் வேண்டாம். நின்ற நிலையிலேயே முழு வலிவு காட்டும் மோட்டாரே வண்டியை இழுத்துச் செல்கிறது. கெட்டரிங் கணநேரத் துணையாக வைத்த மோட்டார், இப்போது முழுநேர வேலைக்கு வந்துவிட்டது.

நம்மில் சிலர் நாளை பொறியியலறிஞர் ஆவோம். சிலர் வேதியியலறிஞர் ஆவோம். அளவுகோலையும் சூத்திரத்தையும் கையிலெடுக்கும்போது கெட்டரிங்கின் கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வோம். இது எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்போம். அத்துடன், இது எவ்வளவு காலம் உலகில் தங்கும், யார் வீட்டு வாசலில் போய்த் தங்கும் என்றும் கேட்போம். அடுத்த குளிர்காலக் காலையில் விடுதி வாசலில் வண்டி தள்ள அழைப்பு வந்தால், போர்வையோடு ஓடி வாருங்கள். தள்ளி முடித்தபின் கெட்டரிங்கைப் பற்றிப் பேசத் தேநீர்க் கடை திறந்தே இருக்கும்.